அடுத்தவன் வயல் நடுவே ஒரு பாதை

அஃபிங்டன்,
ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர்.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்து சேர்ந்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது, பேத்திக்குப் பல் முளைத்திருக்கிறது, பக்கத்து மனைக்காரன் மறுபடியும் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டிருக்கிறான். மூன்றாவது செய்தி வரும்போது மட்டும் உன் எழுத்து இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது. காலமெல்லாம் ஊரார் நிலத்தை அளந்து கல் நட்டவனுக்கு இப்படி ஒருத்தன் பக்கத்திலேயே வாய்க்க வேண்டுமா?

"அங்கே போய் உட்கார்ந்துகொண்டு என்னதான் செய்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். உட்காருவதே இல்லை. மகனும் மருமகளும் ஸ்விண்டனுக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பேரனைப் பள்ளியில் விட்டால் மறுபடி கூப்பிடப் போகும்வரை நேரமெல்லாம் என்னுடையது. நடக்கிறேன். தரை காய்ந்திருந்தால் மகனின் பழைய கியர் சைக்கிளை எடுத்துக்கொள்கிறேன். இந்த ஊரைப் பற்றி உனக்கு எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. ஏனென்றால் இங்கே நான் பார்த்து வியந்ததில் பாதி உன் தொழில் சம்பந்தப்பட்டது.

முதலில் ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். தெற்கே நீளமாகச் சுண்ணாம்புக் குன்று, வடக்கே களிமண் சமவெளி. குன்றில் பெய்கிற மழை சுண்ணாம்புக்குள் அப்படியே இறங்கிவிடும். மேலே ஒரு குட்டைகூட நிற்காது. அடியில் களிமண் தடுத்ததும் அடிவாரத்தில் ஊற்றாக வெளியே வரும். அந்த ஊற்றுகளைப் பிடித்துக்கொண்டுதான் ஊர்கள் எல்லாம் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன: ஆஷ்பரி, வுல்ஸ்டோன், கிங்ஸ்டன் லைல் என்று. கிராம எல்லைகளை மேப்பில் பார்த்தால் நீ சிரிப்பாய். ஒவ்வொன்றும் தெற்கு வடக்காக ஒல்லியாக நீண்ட பட்டை. மேலே ஆட்டுக்குப் புல், நடுவில் தண்ணீரும் வீடும், கீழே மாட்டுக்கும் வைக்கோலுக்கும் பசும்புல் நிலம். எல்லா ஊருக்கும் மூன்றிலும் பங்கு கிடைக்கிற மாதிரி யாரோ யோசித்துப் பிரித்திருக்கிறார்கள்.

மேப் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆர்ட்னன்ஸ் சர்வே என்று இவர்களுடைய அளவைத் துறை, 1791-ல் தொடங்கியது. சென்னைப் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் துரை சங்கிலி பிடித்து நம் நாட்டை அளக்க ஆரம்பித்தது 1802-ல். அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள். அவர்கள் போடுகிற 1:25,000 மேப் ஒன்றை மகன் வாங்கிக் கொடுத்தான். அதில் வயல்களின் ஒவ்வொரு வேலியும் இருக்கிறது. அந்த வேலிகளையெல்லாம் மதிக்காமல் குறுக்கும் நெடுக்கும் பச்சைப் புள்ளிக்கோடுகள் ஓடுகின்றன. அவைதான் பாதைகள். சின்னக் கோடு நடப்பவனுக்கு மட்டும். நீளக் கோடு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து.

விஷயம் என்னவென்றால் அந்தப் பாதை போகிற நிலம் தனியார் பட்டா நிலம். ஆனாலும் பாதை பொதுஜனத்துடையது. சொந்தக்காரர் கோதுமை விதைத்திருப்பார், நான் அதன் நடுவே நடந்து போகலாம்; "யாரய்யா நீ" என்று அவர் கேட்க முடியாது. வயலை உழுதால் இரண்டு வாரத்துக்குள் பாதையை மறுபடி நிரவிக் கொடுக்க வேண்டும், குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு. இது 1990-ஆம் வருடச் சட்டம். சித்திரை வைகாசியில் இங்கே கடுகு இனத்து எண்ணெய்ப் பயிர் ஒன்று மார்பளவு மஞ்சளாகப் பூத்து நிற்கும். அதன் நடுவே ஒற்றை ஆள் போகிற அளவுக்குப் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு நேராக அடுத்த வேலியின் படிவரை போகும். நடந்து வெளியே வரும்போது கால்சட்டையெல்லாம் மஞ்சள் தூள், கூடவே ஒரு மாதிரி முட்டைக்கோஸ் வாடை. அழகு என்று எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். வாடையைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

இதெல்லாம் சும்மா கிடைத்துவிடவில்லை. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஊர்ப் பொது நிலத்தையெல்லாம் வேலி போட்டு வளைத்தார்கள். வடக்கே கிண்டர் ஸ்கௌட் மலையில் 1932-ல் தொழிலாளிகள் நடக்கிற உரிமை கேட்டுக் கூட்டமாக அத்துமீறி ஏறினார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். அப்புறம் 1949-ல் சட்டம் வந்தது. ஒவ்வொரு கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகமும் தன் எல்லைக்குள் இருக்கிற பாதைகளை வரைந்து அதிகாரபூர்வ மேப் தயாரிக்க வேண்டும், அதில் ஏறிவிட்டால் மேல்பேச்சு கிடையாது. மேப்பில் ஏறாத பாதையாக இருந்தாலும், ஊரார் 20 வருஷம் யாரிடமும் கேட்காமல், ஒளியாமல் நடந்து வந்திருந்தால் உரிமை கோரலாம். அடுத்தவன் நிலத்தில் வழி கேட்கிற உரிமை பற்றிய நம் 1882-ஆம் வருட ஈஸ்மென்ட் சட்டத்திலும் அதே 20 வருஷம்தானே? நீ கோர்ட்டில் சாட்சி சொல்லிவிட்டு வந்து புலம்பிய வண்டிப்பாதை வழக்குகளை இங்கே நடக்கும்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஒரு வித்தியாசம், அங்கே பாத்தியம் பெரும்பாலும் பக்கத்து நிலத்துக்காரனுக்கு. இங்கே என்னைப்போல் நேற்று வந்து இறங்கியவனுக்கும் உண்டு. வயல்வெளி எங்கேயும் அழகுதான் மாப்பிள்ளை. உள்ளே நடக்க விடுகிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. சைக்கிளுக்கு அனுமதியுள்ள பாதை ஒன்று ஜம்மென்று போகும். கிராம எல்லை வந்ததும் திடீரென்று வெறும் நடைபாதையாகிவிடும். அந்தக் காலத்தில் ஒரு ஊர்க்காரர்கள் ஒரு மாதிரி எழுதிக் கொடுத்தார்கள், அடுத்த ஊர்க்காரர்கள் வேறு மாதிரி. பாதை பாவம், அது அதேதான். கள அலுவலர் சோம்பல் உலகமெல்லாம் ஒன்று என்று எழுதினால் உனக்குக் கோபம் வரும், எழுதவில்லை.

மாடுகள் இன்னொரு சங்கதி. வேலியில் ஒரு மரக்கதவு இருக்கும். அரைவட்டக் கூண்டுக்குள் நீ நுழைந்து, கதவை மறுபக்கம் தள்ளி, உடம்பை ஒடுக்கி வெளியே வர வேண்டும். ஆள் வரலாம், மாடு வராது. அதைத் தாண்டியதும் இளம் கிடேரிகள் இருபது முப்பது நிற்கும். ஒன்று தலையைத் தூக்கினால் போதும், எல்லாம் பின்னாலேயே வந்துவிடும். நின்று திரும்பிப் பார்த்தால் அவையும் நின்று, அசை போட்டுக்கொண்டே பார்க்கும். நடந்தால் நடக்கும். முட்டுவதற்கு இல்லையாம், வேடிக்கை பார்க்கத்தானாம்; பின்கழுத்தில் மூச்சு படும்போது அந்த நியாயம் மனசில் நிற்காது. கன்றோடு இருக்கிற பசு பக்கம் மட்டும் போகவே கூடாது. காளைக்கும் சட்டம் இருக்கிறது: பால்மாட்டு இனத்துக் காளை பத்து மாதத்துக்கு மேற்பட்டதென்றால் பாதை போகிற வயலில் விடக் கூடாது. இறைச்சி இனத்துக் காளையை, கூடப் பசுக்கள் இருந்தால் விடலாம். எதிரே நிற்பது எந்த இனம் என்று கண்டுபிடிக்கிற வேலை நம்முடையது.

குன்றுக்கு மேலே போனால் வெள்ளைக் குதிரை. சரிவில் பள்ளம் தோண்டி, உடைத்த சுண்ணாம்பை நிரப்பி இழுத்த கோடுகள். தலை முதல் வால்வரை சுமார் 110 மீட்டர். மண்ணில் கடைசியாக எப்போது வெயில் பட்டது என்று கணக்கிடும் முறையில் 1990-களில் சோதித்து, கி.மு. 1380-க்கும் 550-க்கும் இடைப்பட்டது என்றார்கள். பக்கத்தில் போய் நின்றால் குதிரை தெரியாது, ஒரு வெள்ளைக் கோடு வளைந்து போகிறது, அவ்வளவுதான். கீழே சமவெளியில் தள்ளிப் போகப் போகத்தான் உருவம் கூடி வரும். யார் பார்க்க வரைந்தார்களோ! ஆனால் எனக்குக் குதிரையைவிட அதை வைத்துக் காப்பாற்றுகிற வேலைதான் பெரிதாகப் படுகிறது. சில வருஷம் கவனிக்காமல் விட்டால் புல் மூடிவிடும். அதனால் கோடையில் ஆட்கள் மண்டியிட்டு, சுத்தியலால் புதுச் சுண்ணாம்பை அடித்து இறுக்குகிறார்கள். மூவாயிரம் வருஷமாக யாராவது ஒருத்தர் இதைச் செய்துகொண்டே வந்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப்போரில் மட்டும், ஜெர்மன் விமானம் அடையாளம் பிடிக்கக் கூடாது என்று மூடி வைத்தார்களாம்.

உச்சி 261 மீட்டர். நமக்கு அது மலையே இல்லை, ஆனால் இந்த மாவட்டத்தில் அதுதான் உயரம். அங்கே இடுப்பளவுக்கு மேல் ஒரு கான்கிரீட் தூண் நிற்கிறது. நாடு முழுக்க 1936-ல் தொடங்கி மறுபடி அளந்தபோது கோணம் அளக்கிற தியோடலைட் கருவியை வைக்க இந்த மாதிரித் தூண்களைக் கட்டினார்கள். இப்போது ஜிபிஎஸ் வந்து அதற்கு வேலை போய்விட்டது. உன் சார்பில் அதைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

குன்றின் முதுகில் ரிட்ஜ்வே என்ற பழைய வழி ஓடுகிறது. மொத்தம் 139 கிலோமீட்டர். கீழே களிமண் சேறு, மேலே காய்ந்த சுண்ணாம்பு, அதனால் ஆதி நாளிலிருந்தே மந்தையும் ஆளும் மேலேயே போயிருக்கிறார்கள். இந்தப் பக்கம் சைக்கிளுக்கு அனுமதி உண்டு. காய்ந்திருந்தால் சொர்க்கம்; தலைக்கு மேல் வானம்பாடி விடாமல் பாடும், பிளந்த வாலோடு செந்நிறப் பருந்து வட்டமிடும். அந்தப் பருந்து இங்கிலாந்தில் அழிந்தே போய், 1989-க்கும் 1994-க்கும் இடையில் ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து கிழக்கே சில்டர்ன் குன்றுகளில் விட்டதன் சந்ததி. மழை பெய்துவிட்டாலோ அந்தச் சுண்ணாம்பு, சிகைக்காய் சிந்திய குளியலறைத் தரை. பிரேக் பிடித்தால் சைக்கிள் தனி வழி, நாம் தனி வழி. போதாததற்குக் கத்தி முனையாட்டம் சிக்கிமுக்கிக் கல். இலையுதிர் காலத்தில் டிராக்டர் வைத்து வேலிச் செடிகளைக் கத்தரிப்பார்கள். கூடு கட்டுகிற பறவைகளுக்காக மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் முடிய வேலியைத் தொடக் கூடாது, செப்டம்பர் வந்ததும் மொத்தமாக வெட்டித் தள்ளுவார்கள். ஹாதார்ன் முள் பாதையெல்லாம் கொட்டிக் கிடக்கும். நம் கருவேல முள்ளுக்குச் சளைத்ததில்லை. டியூப் ஒட்ட இங்கே கடை கிடையாது, நாமேதான் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

அந்த வழியில் மேற்கே இரண்டு கிலோமீட்டர் போனால் பீச் மரத்தோப்புக்குள் வேலண்ட்ஸ் ஸ்மிதி. ஐயாயிரம் வருஷத்துக்கும் முந்தைய கல்லறை, வாசலில் ஆளுயரப் பாறைகள். 1960-களில் தோண்டியபோது, கல்லறை கட்டிய முதல் கட்டத்தைச் சேர்ந்த 14 பேரின் எலும்புகள் கிடைத்தன. குதிரையையும் ஒரு காசையும் வைத்துவிட்டுப் போனால் கண்ணுக்குத் தெரியாத கொல்லன் லாடம் அடித்து வைப்பான் என்று ஊர்க்கதை. சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பஞ்சருக்கெல்லாம் அவன் பொறுப்பில்லை போலிருக்கிறது.

சமவெளிப் பக்கம் கிரேட் காக்ஸ்வெல் என்ற ஊரில் ஒரு தானியக் கொட்டகை இருக்கிறது, கி.பி. 1300-ஐ ஒட்டி மடத்துத் துறவிகள் கட்டியது. கல் பீடங்கள் மேல் ஓக் மரத்தூண்கள், 40 மீட்டருக்கு மேல் நீளம். நீ வந்தால் கட்டாயம் கூட்டிப் போவேன். ஆனால் வழியில் ஏ420 சாலையைக் கடக்க வேண்டும், கார்கள் பறக்கும்.

ஊர்ச்சாலைகளும் அப்படித்தான். இரண்டு பக்கமும் ஆள் உயர வேலி, நடுவில் ஒரு காருக்கு வழி, ஓரம் என்று எதுவும் கிடையாது. குதிரை சவாரிக்காரர் முன்னே போனால் பின்னாலிருந்து குரல் கொடுத்துவிட்டு மெதுவாகத் தாண்ட வேண்டும். மணி அடித்தால் குதிரை மிரளும். தாண்டியதும் "தேங்க் யூ" என்று கட்டாயம் கேட்கும். பாதையில் எதிரே வருகிறவர்களும் வானிலை பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மாட்டார்கள். அதே ஆள் கடைத்தெருவில் பார்த்தால் முகம் கொடுக்க மாட்டார், அது வேறு.

ஒரு வருத்தம் உண்டு. வயலில் வேலை செய்கிறவர் யாரும் இந்த ஊரில் வீடு வாங்க முடியாது. கூரை வேய்ந்த வீடுகள் எல்லாம் வெளியூர் சம்பளக்காரர்கள் கையில். ரயில் நிலையத்தை 1964-லேயே மூடிவிட்டார்கள். ரயில் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது.

சரி, உன் காரியத்துக்கு வருகிறேன். வேலி விஷயத்தில் கோபப்பட்டுப் பேசாதே. தாலுகாவில் எழுதிக் கொடுத்து அளக்கச் சொல். நீயே டேப்பைத் தூக்கிக்கொண்டு போனால் எதிராளி உன்மேலேயே புகார் கொடுப்பான். விசா கிடைத்தால் மே மாதம் வா, நவம்பரில் வராதே, நாலு மணிக்கே இருட்டிவிடும். முழங்காலுக்கு ஏற்ற சமதரைப் பாதைகளை மேப்பில் பென்சிலால் குறித்து வைக்கிறேன். ஷூவை அங்கேயே வாங்கிப் போட்டுப் பழகிக்கொண்டு வா, பாதி சைஸ் பெரிதாக. தங்கச்சியிடம் சொல்லி நாரத்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுத்து அனுப்பச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்