மன்றாட்டு நடத்தப்போகும் மகளுக்கு

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு, அம்மா எழுதுவது.

உங்கள் சபையில் பொது மன்றாட்டை நடத்தும் பொறுப்பு உனக்குத் தரப்பட்டிருக்கிறது என்றும், குடும்பம், சமுதாயம், நீதி ஆகியவற்றுக்கான விண்ணப்பங்களை நீயே எழுதவேண்டும் என்றும் சொன்னாய். இது தொலைபேசியில் பேசித் தீர்க்கும் காரியமாக எனக்குத் தோன்றவில்லை; ஆகையால் எழுதுகிறேன்.

உன் அறையில் நீ ஜெபிக்கும்போது உன் மனதில் உள்ளதை அப்படியே கொட்டலாம். சபை நடுவே நிற்கும்போதோ உன் வாய் சபையாருக்கு இரவலாகக் கொடுக்கப்பட்ட வாய். நீ சொல்லி முடிக்கும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அத்தனை பேரும் ஆமென் சொல்லவேண்டியிருப்பதால், அவர்கள் மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் அதைச் சொல்ல முடியுமா என்று ஒவ்வொரு வரியிலும் நீ கேட்டுக்கொள்ளவேண்டும். 380களில் எருசலேமுக்குத் திருப்பயணம் சென்ற எகேரியா என்ற பெண், மாலை ஆராதனையில் உதவிக்குரு ஒவ்வொருவருடைய பெயராகச் சொல்லச் சொல்ல, அங்கே நின்ற திரளான சிறுபிள்ளைகள் "ஆண்டவரே, இரங்கும்" என்று மறுமொழி கூறியதை எழுதிவைத்திருக்கிறார். சிறுபிள்ளைகளும் கூடச் சேர்ந்து சொல்லும்படி விண்ணப்பங்கள் அத்தனை எளிமையாக இருந்திருக்கின்றன. நீயும் வாக்கியங்களைச் சுருக்கமாக எழுது. மறுமொழி ஒன்றே இருக்கட்டும், அது நடுவில் மாறவேண்டாம்.

மன்றாட்டை அறிவிப்புப் பலகையாக்குகிறவர்கள் எல்லாச் சபைகளிலும் உண்டு. "ஆண்டவரே, வருகிற சனிக்கிழமை மாலை நடக்கவிருக்கிற வாலிபர் கூட்டத்தை நீர் அறிவீர்" என்று அவர்கள் தொடங்கினால், அந்தச் செய்தி யாருக்குச் சொல்லப்படுகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். எல்லாரும் கண்ணை மூடியிருக்கிற, யாரும் எழுந்து மறுப்புச் சொல்ல முடியாத அந்த நேரத்தைச் சபையிலுள்ள ஒருவரைக் குத்திக்காட்டப் பயன்படுத்துவதை என்னால் சகிக்க முடிந்ததில்லை.

குடும்பங்களுக்கான பகுதிதான் எளிது என்று நீ நினைத்திருப்பாய். எனக்கு அதுதான் மிகக் கடினமாகத் தோன்றுகிறது. தாய், தகப்பன், பிள்ளைகள் என்று சந்தோஷமான ஒரு வீட்டை மட்டும் மனதில் வைத்து எழுதினால், துணையை இழந்தவரும், மணவாழ்வு முறிந்தவரும், பிள்ளை இல்லாதவரும், பிள்ளை பேசாமற்போனவரும், திருமணமே வேண்டாம் என்று இருப்பவரும் அந்த ஜெபத்துக்கு வெளியே நின்றுவிடுவார்கள். அதைவிடக் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. "வீடுகளில் சமாதானத்தைத் தாரும், மனைவிமாருக்குப் பொறுமையைத் தாரும்" என்று வழக்கமாகச் சொல்லப்படுவதை, வீட்டில் அடிபட்டுவிட்டு ஆராதனைக்கு வந்திருக்கும் ஒரு பெண் எப்படிக் கேட்பாள் என்று எண்ணிப்பார். இன்னும் பொறுத்துக்கொள் என்று ஆண்டவரின் பெயராலேயே சபை தன்னிடம் சொல்வதாகத்தான் அவள் கேட்பாள். அந்த இடத்தில் நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன்: "சொந்த வீட்டிலேயே அஞ்சி வாழ்கிறவர்களை நினைத்தருளும், அவர்கள் வாய்திறந்து பேசத் தைரியத்தையும், அவர்கள் பேசும்போது நம்பிக் கேட்கும் இருதயத்தை எங்களுக்கும் தாரும்." இதற்கு ஆமென் சொல்லும் சபை ஒரு பொறுப்பையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறது.

நோயாளிகளின் பெயர்களைச் சொல்லுமுன் அவரவரிடம் கேட்டுக்கொள். ஜெபக்குறிப்பு என்று ஒருவர் உன்னிடம் நம்பிச் சொன்னதெல்லாம் ஒலிபெருக்கியில் வருவதற்குரியது அல்ல. பெயர் போதும், நோயின் பெயர் வேண்டியதில்லை.

சமுதாயத்துக்கான ஜெபத்தைப்பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபத்தில், தங்களைச் சிறைப்படுத்திய அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே விண்ணப்பம்பண்ணும்படி சொல்லியிருக்கிறது. "அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்" என்பது 29ஆம் அதிகாரத்து வசனம். பகைவரின் ஊருக்கே அப்படியென்றால், நம்மோடு ஒரே தெருவில் வாழும் வேறு நம்பிக்கையாளர்களுக்காக ஜெபிக்கத் தயங்கவே கூடாது. அவர்கள் நம்மைப்போல் மாறவேண்டும் என்பதை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதே. அவர்கள் பிள்ளைகளின் சுகத்துக்காகவும் கேள்.

நீதிக்கான விண்ணப்பத்துக்கு வருகிறேன். "உலகத்திலுள்ள அநீதியை ஒழித்தருளும்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவது நமக்குப் பழகிப்போய்விட்டது. அந்த வரியில் யாரும் துன்பப்படுவதில்லை, யாரும் துன்பப்படுத்துவதும் இல்லை. அதனால்தான் எல்லாரும் அதற்கு மனங்கூசாமல் ஆமென் சொல்கிறோம். "உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது" என்று யாக்கோபு எவ்வளவு திட்டமாக எழுதுகிறார் பார்; வயல், வேலையாள், கூலி, அதைப் பிடித்துவைத்தவன் என்று எல்லாம் அதில் இருக்கிறது. அந்த வசனத்தின் வழியில், "செய்த வேலைக்குக் கூலி கிடைக்காமல் காத்திருக்கிறவர்களை நினைத்தருளும், அதைக் கொடுக்கவேண்டியவர் எங்களில் ஒருவராயிருந்தால், தாமதமின்றிக் கொடுக்கும் மனதைத் தாரும்" என்று நீ ஜெபித்தால், அது பிரசங்கமும் ஆகாது, யாரையும் சுட்டவும் செய்யாது, ஆனால் கேட்கிற முதலாளிக்குத் தன் கணக்குப் புத்தகம் ஞாபகத்துக்கு வரும். இதில் கவனிக்கவேண்டியது 'எங்களில்' என்று சொல்வது. அநியாயம் செய்கிறவர்கள் எப்போதும் வெளியே இருக்கிறார்கள் என்ற தொனியில் எழுதப்பட்ட ஜெபத்தை நான் நம்புவதில்லை. ஏசாயா முதல் அதிகாரத்தில் "நீங்கள் மிகுதியாய் ஜெபம்பண்ணினாலும் கேளேன்" என்று கர்த்தர் சொன்னது ஆலயத்துக்கு வந்து கைகளை விரித்து நின்றவர்களிடம்தான்.

ஆளுகிறவர்களுக்காக ஜெபிப்பதா, அவர்களுடைய அநியாயத்துக்கு எதிராக ஜெபிப்பதா என்று கேட்டாயே, இரண்டையும் சபை செய்திருக்கிறது. ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் விண்ணப்பம்பண்ணச் சொல்கிறது தீமோத்தேயுவுக்கு எழுதின முதலாம் நிருபம்; ரோமப் பேரரசில் கிறிஸ்தவர்கள் உபத்திரவப்பட்ட காலத்தில், ஆதிச்சபை எழுத்தாளரான தெர்த்துல்லியன், பேரரசருக்காக நாங்கள் ஜெபிக்கிறோம், ஆனால் அவரைத் தெய்வம் என்று அழைக்கமாட்டோம் என்றார். 1985ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாளில், அநீதியான நிறவெறி ஆட்சி முடிவுக்கு வரவேண்டும் என்று ஜெபிக்கத் தென்னாப்பிரிக்கச் சபைகளுக்கு அழைப்பு விடுக்கப்பட்டது. இது அளவுக்கு மீறிப்போகிறது என்று கருதிய சபைத் தலைவர்களும் இருந்தார்கள். அப்போது கம்யூனிச ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துப் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் 1982இல் திங்கட்கிழமைதோறும் நடக்கத் தொடங்கிய சமாதான ஜெபத்துக்கு நெடுநாள் சிலரே வந்தார்கள். 1989 அக்டோபர் 9 அன்று ஜெபம் முடிந்து வெளியே வந்தவர்களோடு சேர்ந்து ஏறத்தாழ 70,000 பேர் அந்த ஆட்சிக்கு எதிராக வன்முறையின்றி ஊர்வலமாக நடந்தார்கள். இவற்றை வெற்றிக்கதைகளாக நீ எடுத்துக்கொள்ளவேண்டாம். நியாயம் கேட்டு ஜெபித்து, அது கிடைக்காமலே கண்மூடிய சபைகள் ஏராளம். அநீதியுள்ள நியாயாதிபதியிடம் திரும்பத் திரும்பப் போன விதவையின் உவமையை இயேசு சொன்னது, சோர்ந்துபோகாமல் ஜெபம்பண்ணவேண்டும் என்பதற்காகவே என்று லூக்கா முன்கூட்டியே எழுதிவிடுகிறார். நீயும் சென்ற மாதம் கேட்டதையே இந்த மாதமும் கேட்கக் கூச்சப்படாதே.

கட்சியின் பெயரோ தலைவரின் பெயரோ உன் வாயில் வரவேண்டாம். ஆமென் சொல்ல முடியாதபடி சபையில் பாதிப்பேரை வெளியே நிறுத்திவிடும்.

ஒவ்வொரு விண்ணப்பத்துக்குப் பின்னும் சற்று மெளனம் விடு. நீ எழுதாமல் விட்டவர்களை அந்த இடைவெளியில் சபையார் நினைத்துக்கொள்வார்கள். மைக்கின் முன் நிற்கும்போது அந்தச் சில விநாடிகள் நீண்டதாகத் தோன்றும், பயந்து அடுத்ததைத் தொடங்கிவிடாதே.

ஏறக்குறைய கி.பி. 155இல் ஆதிச்சபை எழுத்தாளரான ஜஸ்டின், ஞாயிற்றுக்கிழமைக் கூடுகையை விவரிக்கும்போது, வாசிப்பும் போதனையும் முடிந்தபின் எல்லாரும் எழுந்து நின்று ஜெபிப்பதைச் சொல்கிறார். அதே பகுதியில், சேர்ந்த காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் அந்நியருக்கும் போய்ச்சேருவதையும் சொல்கிறார். ஆகவே உன் ஜெபக்குறிப்புத் தாளை ஆராதனை முடிந்ததும் மடித்துப் பைக்குள் போட்டுவிடாதே. சபையில் வீடு சந்திப்புக்குப் பொறுப்பானவர் யார் என்று ஆயரிடம் விசாரித்து, பெயர் தெரியப்படுத்த இசைந்தவர்களின் பட்டியலை அவரிடம் கொடு. ஒரு வீட்டுக்காவது நீயும் கூடப் போ.

எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு. நீளமாக இருந்தால் வெட்டித் தருகிறேன். நீளமாகத்தான் இருக்கும், என் மகள் அல்லவா.

அன்புடன்,
அம்மா