பலகை விளையாட்டுச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவில் கூடியுள்ள உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்திரக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். ஆண்டு முழுவதும் நம்மை இரு கட்சிகளாகப் பிரித்து வைத்திருந்த கேள்வியை, அதாவது பாலைவனக் கோளில் நடக்கும் 'டூன்' பலகை விளையாட்டில் அந்தப் பாலைவன மக்களாகிய ஃப்ரெமென் தரப்புக்கு வீட்டு விதி எழுதிக் கைகொடுக்க வேண்டுமா என்பதை மட்டுமே இவ்வறிக்கை எடுத்துக்கொள்கிறது.

1979-இல் அவலான் ஹில் நிறுவனம் வெளியிட்டு, 2019-இல் கேல் ஃபோர்ஸ் நைன் நிறுவனம் திருத்திய பதிப்பாகக் கொண்டுவந்த இந்த விளையாட்டில் ஆறு தரப்புகளுக்கும் தனித்தனிச் சலுகைகள் உண்டு. பேரரசர், ஹார்கொன்னென், அட்ரெய்டிஸ் ஆகிய மூவரும் ஆட்டத்தின் நாணயமான ஸ்பைஸ் 10 வைத்துத் தொடங்க, ஃப்ரெமென் கையில் இருப்பது 3 மட்டுமே. ஆயுதம் முதலிய சீட்டுகளின் ஏலத்தின்போது ஃப்ரெமென் ஆடுபவர் திருவிழாக் கடைத்தெருவில் வெறுங்கையோடு நிற்கும் பிள்ளையைப் போல உட்கார்ந்திருக்கிறார் என்ற முறையீட்டை ஏற்று, தொடக்க ஸ்பைஸை 6 ஆக்கும் விதியைச் செயற்குழு சோதனையாக அனுமதித்தது. அதற்கு ஆதரவாகக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

அது தவறு என்பது சில ஆட்டங்களிலேயே தெரிந்துவிட்டது. மற்றவர்கள் பொதுவாகப் படைக்காய்களைக் கட்டணம் செலுத்தித்தான் கோளில் இறக்குகிறார்கள்; ஃப்ரெமென் பெரும் சமவெளியிலும் அதிலிருந்து இரண்டு பகுதி தொலைவுக்குள்ளும் இலவசமாக இறக்குகிறார்கள். பிறருக்குச் சுற்றுக்கு ஒன்றோ இரண்டோ காய்கள் இலவசமாக உயிர்த்தெழ, இவர்களுக்கு மூன்று எழுகின்றன. மேல்நிலை விதிகளின்படி, சண்டையில் பிறருடைய காய் முழு வலிமையைப் பெற ஸ்பைஸ் கட்ட வேண்டும். இவர்களுக்கு அந்தச் செலவும் இல்லை. மணலில் சிக்கிய பிறர் படையைப் புயல் முழுதாக அழிக்கிறது, இவர்களில் பாதிப் பேரையே கொல்கிறது; பிறரை விழுங்கும் மணற்புழுவின் மீது இவர்கள் ஏறிப் பயணம் செய்கிறார்கள். இத்தனையையும் இழுத்துப் பிடிக்கும் ஒரே கடிவாளம் ஏலத்தில் ஆயுதம் வாங்க முடியாத வறுமைதான் என்பதை யோசிக்காமல் நாம் அதை அவிழ்த்துவிட்டோம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஆட்டத்தின் நீளத்தில் இருந்தது. பழைய பதிப்பில் 15 சுற்றுகள், புதியதில் 10. கடைசிச் சுற்று வரை எவரும் வெல்லாமல், சீட்ச் தப்ர், ஹப்பன்யா சீட்ச் என்னும் கோட்டைகளில் ஃப்ரெமென் தவிர வேறு எவரும் இல்லாமல், தூயெக் சீட்ச் என்னும் கோட்டையில் ஹார்கொன்னென், அட்ரெய்டிஸ், பேரரசர் ஆகியோரில் ஒருவரும் இல்லாமல் இருந்தால், ஃப்ரெமெனே வென்றவர்கள். பழைய பெட்டியில் பழகிய நம் மூத்த உறுப்பினர்கள் இன்னும் நாள் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கையில் ஆட்டம் முடிந்துபோனது. இதைத் தடுக்க அந்த மூவரில் ஒருவர் தூயெக் சீட்ச்சைப் பிடித்து வைத்திருந்தாலே போதும். ஆனால் அங்கே ஆட்டத் தொடக்கத்திலேயே விண்பயணத் தரப்பான கில்டின் படை உட்கார்ந்திருப்பதால், சண்டையிட்டுத்தான் நுழைய வேண்டும். அந்தச் செலவை அடுத்தவர் ஏற்கட்டும் என்று மூவருமே ஒதுங்கினார்கள். ஊர்க் கிணற்றைத் தூர்வாரும் கதைதான். ஃப்ரெமெனின் நிபந்தனை தவறினால் வெற்றி தன்னைச் சேரும் என்பதை மறந்து கில்ட் ஆடியவர் வாளாவிருந்ததையும் இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. அவர் பெயரை அறிக்கையில் சேர்க்க வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

ஆகவே, 6 ஸ்பைஸ் விதியை நீக்கி அச்சிட்ட விதிக்கே திரும்புவது என்றும், எட்டாம் சுற்றின் தொடக்கத்தில் ஃப்ரெமெனின் வெற்றி நிபந்தனையை மேசையில் உள்ளவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவது என்றும் செயற்குழு முடிவு செய்துள்ளது. இரண்டாவது முடிவு ஃப்ரெமென் ஆடுபவருக்கு அநீதி என்று எழுத்து மூலம் ஆட்சேபம் வந்திருக்கிறது. அது இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. இரண்டையும் பொதுக்குழுவின் வாக்கெடுப்புக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்