தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்ட அந்தப் பெண்ணுக்கும், மற்ற எல்லோருக்கும்

அண்ணன் நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். நன்றாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார், டிவி ரிமோட்டுக்காகப் பிள்ளைகளோடு சண்டை போடுகிறார். இரத்தத்தில் குறைந்துபோன சோடியம், அதாவது உப்புச் சத்து, சரியாகிவிட்டதாக டாக்டரும் சொல்லிவிட்டார். அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்கு நானும் அண்ணனும் நடக்கப் போன இடத்தில் அவருக்கு உடம்பு மோசமானது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். பாதிப் பேருக்கு நானே போனில் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறேன். அந்தக் கதைக்குள் மறுபடி போக எனக்குத் தெம்பு இல்லை. நன்றி சொல்ல மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி அந்த வழிகாட்டிப் பெண்ணுக்கு. பெயர்கூடத் தெரியாது. பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பிரைட் ஏஞ்சல் பாதையில், திரும்பி ஏறும் வழியில், மூன்று மைல் ஓய்வுக் கூரைக்குக் கீழே, ஜேக்கப்ஸ் லேடர் என்கிற செங்குத்தான கொண்டை ஊசி வளைவுகளில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது பின்னால் ஏறி வந்தார். அவரைக் காசு கொடுத்து அமர்த்திக்கொண்ட குழு அவருக்குப் பின்னால் வரிசையாக வந்தது. நாங்களோ சொந்தமாகத் திட்டம் போட்டு நடக்க வந்தவர்கள். எங்களைக் கவனிக்க வேண்டிய கடமை அவருக்குக் கிடையாது. மூச்சு வாங்க உட்கார்ந்திருப்பவர்கள் அந்தப் பாதையில் சகஜம். எல்லோரும் கேட்பதுபோல அவரும் “பரவாயில்லையா?” என்று கேட்டார், அண்ணன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். தாண்டி நாலடி போனவர், என்ன தோன்றியதோ, திரும்பி வந்து அண்ணன் எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

காலையிலிருந்து என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தீர்கள், என்ன நிறத்தில் போனது என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்வி வந்ததும் அண்ணன் என்னைப் பார்த்தார். தங்கை பக்கத்தில் இருக்கும்போது எப்படிச் சொல்வது? நான் பாறைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பதிலைக் கேட்டவர் அண்ணன் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, மூடியைத் திருகி, என்னிடம் கொடுத்துவிட்டார். இனி இவருக்குத் தண்ணீர் வேண்டாம் என்றார். எனக்குப் பகீரென்றது. பாலைவனத்தில், அந்த அனலில், தண்ணீரைப் பிடுங்குகிறாரே! தலைசுற்றல், குமட்டல் என்றால் தண்ணீர் போதவில்லை என்றுதானே நாம் எல்லோரும் நினைப்போம். வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்து, வியர்வையில் போன உப்பு உடம்புக்குத் திரும்பக் கிடைக்காவிட்டாலும் அதே தலைசுற்றல், அதே குமட்டல்தானாம். அங்கே காற்று அவ்வளவு வறட்சி, வியர்ப்பதே தெரியாமல் உலர்ந்துவிடும். அண்ணனின் கருநீலச் சட்டையில், முதுகுப்பையின் வார் அழுந்திய இடத்தில், வெள்ளை வெள்ளையாகக் கோடு பூத்திருந்தது. அந்தப் பெண் அதைத் தொட்டுக் காட்டிய பிறகுதான் உப்பு என்று எனக்கு உறைத்தது.

அப்புறம் பையிலிருந்து ஒரு பொட்டலம் ப்ரெட்ஸல் எடுத்தார், மேலே உப்புக்கல் ஒட்டியிருக்கும் சின்னச் சின்ன முறுக்கு பிஸ்கட். அண்ணனுக்குக் குமட்டல், வேண்டாம் என்று தலையாட்டினார். அந்தப் பெண் வற்புறுத்தவே இல்லை. தான் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு அவரிடம் ஒன்றை நீட்டினார். அவர் மென்று விழுங்கும்வரை காத்திருந்தார். மறுபடி தனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. இடையில் தன் கழுத்துத் துணியை நனைத்து அண்ணன் பிடரியில் போட்டார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார்: என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், என்ன பெயர். சும்மா பொழுதுபோக்கப் பேசுகிறார் என்று நினைத்தேன். கடைசிப் பிள்ளையின் பெயரில் அண்ணன் தடுமாறியதும் அவர் முகம் மாறியது. குழுவில் ஓர் இளைஞரை உடனே மேலே அனுப்பினார், ஓய்வுக் கூரையில் இருக்கும் அவசரத் தொலைபேசிக்கு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளை பிளாஸ்திரி ஒரு நீளம் கிழித்து அண்ணனின் முன்கையில் ஒட்டியிருந்தார். அதில் மணி, நாடித்துடிப்பு, எத்தனை ப்ரெட்ஸல் உள்ளே போனது, பேச்சு தெளிவா குழறலா என்று பொடி எழுத்தில் எழுதிக்கொண்டே வந்தார். ரேஞ்சர், அதாவது அந்தத் தேசியப் பூங்காவின் காவலர், வந்ததும் அந்தக் கையைத் திருப்பிக் காட்டினார். ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. மருத்துவமனையிலும் முதலில் அதைத்தான் படித்தார்கள்.

முகம் சுளிக்காமல் வெயிலில் காத்திருந்து, இருந்த கொஞ்சம் நிழலையும் எங்களுக்கு விட்டுக்கொடுத்த அந்தக் குழுவினருக்கு, ஏறி ஓடிய அந்த இளைஞருக்கு, ரேஞ்சர்களுக்கு, விடிய விடியப் பக்கத்தில் இருந்த நர்ஸுகளுக்கு, எங்கள் பைகளை மேலே கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு, அண்ணியோடு போனில் பேசிக்கொண்டே இருந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

“வழிகாட்டியோடு போயிருக்கலாமே” என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். ஆன்டிலோப் கேன்யன் என்கிற இன்னொரு பள்ளத்தாக்கு என்றால் அது நவஹோ பழங்குடி மக்களின் நிலம், வழிகாட்டி இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள். பிரைட் ஏஞ்சல் அப்படியில்லை. அகலமான பாதை, வழி தவறுவதே கஷ்டம். அதற்கு எதற்கு ஆள் என்று தோன்றுவது இயல்புதான், இப்போதும் அதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் மலையேற்றத்தில் கஷ்டம் முதலில் வரும், முடியாவிட்டால் திரும்பி இறங்கிவிடலாம். கேன்யனில் எல்லாம் தலைகீழ். அந்தப் பாதையில் கீழே வரும் ஹவசுபாய் கார்டன்ஸ் என்கிற இடம் வரை 7 கிலோமீட்டரில் 900 மீட்டருக்கு மேல் இறக்கம், கால் தானாகப் போகும். ஏறுவதற்கு இறங்கியதைப் போல இரண்டு மடங்கு நேரம் என்று பூங்காக்காரர்களே சொல்கிறார்கள், அதுவும் வெயில் ஏறிய பிறகு. அங்கே வழிகாட்டி படித்துக்கொண்டே வருவது நம் முகத்தை. தன்னை அமர்த்தாதவர்கள் முகத்தையும் ஒருத்தி படித்ததால்தான் அண்ணன் இன்று வீட்டில் இருக்கிறார்.

இப்படி முகம் பார்த்துத் தடுத்து நிறுத்துவதற்கென்றே பூங்காவில் 1997 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது என்று மருத்துவமனையில் ஒரு ரேஞ்சர் சொன்னார். தன்னார்வலர்கள் பாதையில் நின்று, இறங்குகிறவர்களிடம் தண்ணீர் இருக்கிறதா, தின்பதற்கு என்ன இருக்கிறது, எதுவரை போகிறீர்கள் என்று கேட்பார்கள். அண்ணன் எழுந்து நடமாடத் தொடங்கியதும் அந்த வேலைக்கு விண்ணப்பிப்பதாக முடிவு செய்துவிட்டேன். இனி நான் எந்தப் பாதையில் நடந்தாலும், உட்கார்ந்திருப்பவர் கட்டைவிரலைக் காட்டினாலும், நாலடி திரும்பி வருவேன். அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை. அண்ணி, இதைப் படித்துவிட்டு உடனே போன் பண்ணாதீங்க, சாயங்காலம் நானே நேரில் வருகிறேன்.