போர்வெல் அடிக் கணக்கு பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

வள்ளியூர், ராதாபுரம், திசையன்விளை பக்கத்து அண்ணாச்சிமார்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

கொஞ்ச நாளாக வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. ஒரு விளைக்காரரிடம் (தோட்டக்காரரிடம்) 600 அடி போர் என்று நாங்கள் பணம் வாங்கினோமாம்; இப்போது கயிறு விட்டுப் பார்த்தால் 540 அடிதான் இருக்கிறதாம். பாக்கி நின்றால்கூடப் பொறுத்துப்போவோம். அடியில் கள்ளக் கணக்கு எழுதினோம் என்ற பேச்சைப் பொறுக்க முடியவில்லை.

எங்கள் வண்டியில் துளை போட இறக்கும் இரும்பு ராடு ஒன்று 20 அடி. 600 அடிக்கு 30 ராடு. இறங்கும்போது எண்ண விட்டுப்போனாலும் கழற்றி மேலே எடுக்கையில் ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். அந்த விளைக்காரரும் கூடவே நின்று எண்ணித்தான் கையெழுத்துப் போட்டார். பிறகு எப்படிக் குறைந்தது? துளை சரியாமல் இருக்க இறக்கும் கேசிங் குழாய் மேல்மண்ணுக்கும் சுக்காம்பாறைக்கும் (இளகிய பாறைக்கும்)தான். கெட்டிப்பாறை தொட்டதும் நின்றுவிடும். அதற்குக் கீழே வெறும் துளை. பாறை வெடிப்பில் ஊற்று வரும்போது மணலும் பாறைத்தூளும் கூடவே வந்து அடியில் படியும். கேசிங்கைத் தரையோடு தரையாக அறுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அப்படிப்பட்ட போர்களில் சேறு இறங்கியதை நீங்களே பார்த்தீர்கள். இதுவும் வெள்ளத்துக்கு முன்னால் போட்ட போர், கேசிங்கும் தரைமட்டம்தான். அவர் சம்மதித்தால் எங்கள் செலவிலேயே கம்ப்ரசர் வைத்துக் காற்றடித்து, படிந்ததை வெளியே தள்ளி ஃபிளஷ் பண்ணித் தருகிறோம். ஊரார் முன்னால் அளந்து பார்க்கலாம்.

தண்ணீருக்கு நாங்கள் என்றைக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. நம் பக்கம் பாறை பூமி. பக்கத்து விளையில் 2 இஞ்சு தண்ணீர் வரும், பத்தடி தள்ளிப் போட்டால் தண்ணீர் இல்லாமல் பாறைத்தூள் புகைதான் வரும்.

அந்தப் பதிவு வந்த குழுவிலேயே "நாங்க எண்ணிப் பாத்திருக்கோம்லா" என்று எழுதியவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! விடிய விடிய வண்டி ஓடிய நாட்களில், மொழி தெரியாத எங்கள் ஒடிசாப் பையன்களையும் வீட்டுப் பிள்ளைகளாக நினைத்துச் சோறும் கருப்பட்டிக் காப்பியும் கொடுத்தவர்கள் நீங்கள். உங்களை நம்பித்தான் இந்தத் தொழிலில் நிற்கிறோம்.

டீசல், பாறை துளைக்கும் பிட்டு விலையால் ஆவணி முதல் அடிக்கு 10 ரூபாய் கூடும். புகை வந்தாலும் அதே கணக்குதான்.

ஊராட்சியில் அனுமதி வாங்கிவிட்டுத் தேதி கேளுங்கள். வண்டி வரும் அன்று ராடு எண்ண வீட்டில் ஒருவர் நிற்கட்டும். இறங்கிய ராடு எத்தனை என்று இனி பில்லிலேயே எழுதித் தருவோம்.

இப்படிக்கு,
உரிமையாளர்