சித்தப்பாவின் வாட்சுக்குச் சர்க்கரை பார்க்கத் தெரியாது

அன்புள்ள சித்தப்பா,

நீங்கள் வாங்கிய ஸ்மார்ட் வாட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப்பில் நீங்கள் போட்ட படத்தைப் பார்த்தேன். கறுப்புப் பட்டை, பெரிய சதுரத் திரை, அதில் ‘சுகர் 108’ என்று பச்சை எழுத்து. ரெண்டாயிரம் ரூபாய்க்குள் இவ்வளவும் கிடைக்கிறதே என்ற உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு ஆசையில்லை. ஆனால் படத்துக்குக் கீழே ‘இனி விரலைக் குத்த வேண்டாம்’ என்று எழுதியிருந்தீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் ‘சரிம்மா, சரிம்மா’ என்று வைத்துவிடுவீர்கள். இப்படிப் பொதுவில் எழுதினால் உங்கள் வாக்கிங் நண்பர்களும் படிப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் கையில் இதே வாட்ச்தான் என்று சித்தி சொன்னார்.

வாட்சைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பச்சை விளக்கு ஒன்று மினுக்குகிறது அல்லவா? ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். இதயம் ஒருமுறை துடிக்கும்போது மணிக்கட்டில் ரத்தம் கொஞ்சம் கூடும், திரும்பி வரும் ஒளி கொஞ்சம் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் நாடித்துடிப்பைச் சொல்கிறது. உட்கார்ந்திருக்கும்போது இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே வரும். சர்க்கரை விஷயம் வேறு. தோலைத் துளைக்காமல் ரத்தச் சர்க்கரையை அளக்கிறோம் என்று சொல்லும் வாட்ச், மோதிரம் எதற்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு மருந்துக் கழகமான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகவே எச்சரித்தது. விலை ரெண்டாயிரமா, எண்பதாயிரமா என்பதெல்லாம் அந்த எச்சரிக்கையில் பேச்சே இல்லை.

‘மாடி வீட்டுக்காரர் போனில் மட்டும் சுகர் காட்டுகிறதே’ என்று கேட்பீர்கள். அவர் மேல்கையில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சென்சார் ஒட்டியிருப்பார், பாருங்கள். அதிலிருந்து மயிரிழை போன்ற ஒரு இழை தோலுக்குள் போகிறது. அளப்பது அதுதான். போனோ வாட்சோ அந்த எண்ணை வாங்கிக் காட்டுவதோடு சரி. சென்சாரையும் பல நாட்களுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும், விலையும் கடிக்கும்.

நம்பிக்கை வரவில்லையென்றால் வாட்சைக் கழற்றி, இறுக்கமாகச் சுருட்டிய துண்டில் கட்டிவிட்டு அளந்து பாருங்கள். என் தோழியின் மலிவு வாட்சில் இதைச் செய்தபோது துண்டுக்கு நிமிடத்துக்கு 74 துடிப்பு, பிபி 118க்கு 76 என்று வந்தது. ‘இந்தத் துண்டுக்கு என்னைவிட உடம்பு நல்லா இருக்கே’ என்றார் அம்மா.

சிரித்தாலும், உங்களைப் போல மாத்திரை போடுகிறவர்களுக்கு இது விளையாட்டு இல்லை. உண்மையில் 260 இருக்கும்போது வாட்ச் 108 என்றால் அலட்சியமாக இருந்துவிடுவீர்கள். உண்மையில் 65க்கு இறங்கிக் கை நடுங்கும்போது 140 என்று காட்டினால் இன்னொரு மாத்திரை போடத் தோன்றும். இரண்டாவதுதான் எனக்குப் பெரிய பயம். சித்தி வெளியூர் போயிருக்கும் நாட்களில் வீட்டில் நீங்கள் தனியாகத்தானே இருக்கிறீர்கள்.

பிபிக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். சாம்சங் வாட்சில் பிபி பார்க்க வேண்டுமென்றால்கூட, புஜத்தில் பட்டை கட்டி அளக்கும் மெஷினோடு நாலு வாரத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுச் சரிசெய்யச் சொல்கிறார்கள். ஹூவாவேயின் ஒரு வாட்சில் ஸ்ட்ராப்புக்குள்ளேயே காற்றுப் பை இருக்கிறது, அது உப்பி மணிக்கட்டை அழுத்தும். உங்களுடையதில் இரண்டும் இல்லை. அப்புறம், நெஞ்சு வலித்தால் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். இ.சி.ஜி. எடுக்கும் ஆப்பிள் வாட்சே மாரடைப்பைத் தன்னால் கண்டுபிடிக்க முடியாது என்று சொல்லிவிடுகிறது. நேராக 108க்குப் போன் செய்யுங்கள். (உங்கள் சுகரும் ஆம்புலன்ஸும் ஒரே எண்ணாக அமைந்தது தற்செயல்தான்.)

அப்படியானால் தூக்கிப் போடச் சொல்கிறேனா? இல்லை, நானும் ஒன்று கட்டியிருக்கிறேன். அதைக் கழற்றுவதே குளிக்கவும் சார்ஜ் போடவும் மட்டும்தான். எச்.எம்.டி. கட்டியிருந்த காலத்தில் காலையில் காபி வருவதற்குள் சாவி கொடுப்பீர்களே, அந்த மாதிரி இதற்கும் ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். குளிக்கும்போது கழற்றி சார்ஜில் போட்டால் சரியாக இருக்கும். ‘தண்ணீர் புகாது’ என்று பெட்டியில் போட்டிருப்பது சாதாரணத் தண்ணீரை வைத்துச் சொல்வது. வெந்நீருக்கும் சோப்புக்கும் அது பொருந்தாது. ஸ்ட்ராப்புக்கு அடியில் வேர்வை தங்கினால் அரிக்கும், அதனால் கையையும் பட்டையையும் துடைத்துக் காயவிட்டுக் கட்டுங்கள். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, ஆடாத அளவுக்கு.

நடையை எண்ணுவதில் அது கெட்டி, ஆனால் உங்களிடம் தோற்றுப்போகும். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டல்லவா நீங்கள் மொட்டை மாடியில் நடப்பீர்கள்? கை வீசினால்தான் அதற்குக் கணக்கு ஒழுங்காக வரும். ‘அரை மணி நேரம் நடந்தேன், 900தான் காட்டுகிறது’ என்று புலம்பியது இதனால்தான் இருக்கும். ஒருநாள் கையை வீசி நடந்து பாருங்கள்.

பத்தாயிரம் அடி என்ற இலக்கையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த அடுத்த வருடம், 1965இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த ‘மான்போ-கெய்’ என்ற நடைமானியோடு பரவிய எண் அது. மருத்துவ ஆய்வில் கண்டெடுத்த எண்ணாகத் தெரியவில்லை. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் சராசரி 72 வயதுள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு நன்றாகவே குறைந்திருந்தது. 7,500 வாக்கில் அந்தப் பலன் ஒரு நிலைக்கு வந்து நின்றுவிட்டது. பெண்களை வைத்துச் செய்த ஆய்வுதான், ஆனாலும் ராத்திரி பதினோரு மணிக்கு மீதி அடியை முடிக்க ஹாலில் சுற்றுவதை நிறுத்த உங்களுக்கு இது போதும்.

குடும்ப குரூப்பின் நோட்டிஃபிகேஷனை முதலில் அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு ‘காலை வணக்கத்துக்கும்’ மணிக்கட்டு அதிர்ந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? அழைப்புகளை மட்டும் விடுங்கள். அதுவும் போன் பக்கத்தில் இருந்தால்தான் வரும். கீழே சார்ஜில் போட்டுவிட்டு மாடிக்குப் போனால் வாட்ச் ஊமைதான், அதனால் நடக்கும்போது போன் சட்டைப் பையில் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நோட்டிஃபிகேஷனை நானே சரிசெய்து தருகிறேன், கையோடு அந்த சுகர் பக்கத்தையும் திரையிலிருந்து எடுத்துவிடலாம். அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள்: அலமாரியில் இருக்கும் சுகர் மெஷினை எடுத்து, ஸ்ட்ரிப் டப்பாவில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். காலாவதியாகியிருந்தால் வரும் வழியில் புதிது வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்