புயலுக்கு முன்னால் குழாயைத் திறந்துவிடுங்கள்

கடலோர டெல்டா ஊராட்சிகளின் நிர்வாகத்தினருக்கும் செயலர்களுக்கும் வணக்கம்.

அக்டோபர் 2 கிராம சபைக்கான தீர்மானங்களை எழுதும்போது, புயல் காலத் தண்ணீரைப் பற்றியும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

எச்சரிக்கை வந்தவுடன் ஆட்டோவில் மைக் கட்டி, "குடிநீரைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று தெருத் தெருவாகச் சொல்லிப் போகிறீர்கள். சரி, எதைப் பிடித்துச் சேமிப்பது? அன்றைக்கும் குழாயில் வழக்கமான நேரத்துக்குத்தானே தண்ணீர் வருகிறது! காற்று வலுத்தால் பாதுகாப்புக்காகக் கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள். அதோடு மோட்டாரும் நின்றுவிடும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. காற்று ஒரு ராத்திரியில் ஓய்ந்தது. ஆனால் சாய்ந்த மின்கம்பங்களை நட்டு, உள்ளடங்கிய ஊர்களுக்குக் கரண்ட் கொடுக்க வாரக்கணக்கில் ஆனது. மேல்நிலைத் தொட்டி அசையாமல் நின்ற ஊரிலும் அதில் தண்ணீர் ஏற்ற வழியில்லை. வாடகைக்கு ஜெனரேட்டர் பிடிக்க முடிந்தவர்கள் சமாளித்தார்கள், மற்றவர்கள் லாரியை எதிர்பார்த்துக் குடத்தோடு நின்றார்கள். வேதாரண்யம் பக்கம் சிரமம் இன்னும் அதிகம். அங்கே பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு, அடிபம்பை நம்ப முடியாது. குடிக்கிற தண்ணீர் கொள்ளிடத்திலிருந்து குழாய் வழியே வரவேண்டும். நடுவில் ஒரு நீரேற்று நிலையத்தில் கரண்ட் போனாலும் கடைசியில் இருக்கிற ஊர் காய்ந்துவிடும்.

அதனால், புயல் வருகிறது என்று தெரிந்த இரண்டு நாளும் தொட்டியை நிரப்பி நிரப்பிக் குழாயைத் திறந்துவிடுங்கள். எத்தனை மணிக்கு எந்தத் தெருவுக்கு வரும் என்பதையும் அதே மைக்கில் சொல்லுங்கள். கடைசியாக ஒருமுறை தொட்டியை நிரப்பி, வால்வை மூடிவையுங்கள். அது புயலுக்கு அடுத்த நாளுக்கு ஆகும். ஜெனரேட்டர் எங்கிருந்து வரும், டீசல் யார் வாங்குவது, டேங்க் ஆபரேட்டர் ஊரில் இல்லாவிட்டால் மோட்டாரைப் போடத் தெரிந்தவர் யார் என்பதெல்லாம் தீர்மானத்திலேயே இருக்கட்டும். மரம் விழுந்து பாதை அடைத்த பிறகு ஜெனரேட்டரைத் தேடிப் பயனில்லை.

எவ்வளவு பிடித்துவைக்க வேண்டும் என்பதையும் குடக் கணக்கில் சொல்லுங்கள். குடிக்கவும் கஞ்சி வைக்கவும் மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் என்றால், ஐந்து பேருக்கு ஒரு வாரத்துக்கு 105 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் ஏழு குடம். கழுவ, குளிக்க, மாட்டுக்குக் காட்ட வேறு தண்ணீர் வேண்டும்.

இந்த ஏழு குடம் எல்லா வீட்டிலும் இருக்காது. கூரை வீட்டில் இருந்தாலும், கூரை பிய்ந்தால் மழையும் சருகும் அதில்தான் விழும். அந்தக் குடும்பங்களுக்கு மூடியும் அடியில் குழாயும் உள்ள டிரம் கொடுங்கள். கையை விட்டு மொண்டு அழுக்காக்காமல் பிடித்துக்கொள்ளலாம். அவர்கள் ராத்திரி தங்கப்போவது பள்ளிக்கூடத்திலோ புயல் பாதுகாப்பு மையத்திலோ என்றால், அங்கே இருக்கிற சிண்டெக்ஸை இப்போதே கழுவி வையுங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மழைக்காலத்தில் கொசுப்புழு பார்க்க வருகிறவர்கள், "தண்ணீரைத் தேக்காதே" என்று டிரம்மைக் கவிழ்த்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த வாரம் மைக்கில், "சேமித்து வையுங்கள்" என்கிறீர்கள். ஜனங்கள் எதைக் கேட்பார்கள்? இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி ஒன்றாகச் சொல்லுங்கள்: இறுக்கமாக மூடிவை, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி மறுபடி நிரப்பு. டெங்கு கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால் இது போதும்.

சாப்பாட்டைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. அவல், பொட்டுக்கடலை, வெல்லம் எல்லாம் நம் வீடுகளில் எப்போதும் உண்டு. டார்ச், தீப்பெட்டி, ஓஆர்எஸ் பொட்டலம், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சாப்பிடுகிறவர்களின் மாத்திரை, பாலித்தீன் பையில் கட்டிய ரேஷன் கார்டு, பட்டா ஆகியவற்றை ஒரே இடத்தில் வைக்க மகளிர் குழு அக்காக்கள் வீடு வீடாகச் சொன்னாலே ஆகிவிடும். வெள்ளம் புகுந்த பிறகு எந்தத் தண்ணீரையும் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லட்டும். குளோரின் மாத்திரையை மட்டும் நீங்கள் முன்னதாக வாங்கி அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.

தொட்டி கழுவும் வேலை கிராம சபை வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அதை இந்த வாரமே தொடங்கலாம்.

இப்படிக்கு,
வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு குடிமகன்