விஜய் ஹசாரே கோப்பை ஆட்டங்களைப் பொதுமக்கள் பார்க்க அனுமதி கோரும் மனு

அனுப்புநர்
அல்சூர், மர்பி டவுன், ஜோகுபாளையம் பகுதிகளில் வசிக்கும் கிரிக்கெட் ரசிகர்கள், பெற்றோர்கள்,
பெங்களூரு.

பெறுநர்
கூடுதல் தலைமைச் செயலாளர் அவர்கள்,
உள்துறை, கர்நாடக அரசு,
விதான சௌதா, பெங்களூரு.

பொருள்: மாநில அணிகள் மோதும் விஜய் ஹசாரே கோப்பையின் அடுத்த சீசன் ஒருநாள் ஆட்டங்கள் பெங்களூருவில் நடக்கும்போது, அளவான எண்ணிக்கையில் பொதுமக்களை உள்ளே அனுமதிக்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பகுதியில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் சொல்லிக்கொடுக்கும் சிலரும், அந்தப் பிள்ளைகளின் பெற்றோரும் சேர்ந்து இந்த மனுவை எழுதுகிறோம். தெருவில் எல்லோரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் தமிழில் எழுதினோம். கன்னடப் பிரதியையும் இணைத்திருக்கிறோம்.

2025 டிசம்பர் 24 அன்று விராட் கோலி பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு விஜய் ஹசாரே கோப்பையில் ஆடினார். டெல்லிக்காக, ஆந்திராவுக்கு எதிராக, 101 பந்தில் 131. ஆட்டம் நடந்தது எங்கள் ஊரில், பார்க்கத்தான் முடியவில்லை. நகர நடுவே உள்ள சின்னசாமி மைதானத்தில் நடக்க இருந்த ஆட்டம், அரசு அனுமதி கிடைக்காததால் கடைசி நேரத்தில் தேவனஹள்ளிப் பக்கம் உள்ள கிரிக்கெட் வாரியத்தின் பயிற்சி மையத்துக்கு மாறியது. அங்கே ரசிகர்களுக்கு இடம் கிடையாது. டிவியிலும் காட்டவில்லை. எங்கள் பையன்கள் ஒரு பேக்கரி வாசலில் நின்றுகொண்டு ஒரே ஃபோனில் ஸ்கோர் பார்த்தார்கள். கோலி தொண்ணூறைத் தாண்டியதும் ஒருவன் திரையை விரலால் இழுத்து இழுத்து விட, இன்னொருவன் “கை வைக்காதடா, அதுவே மாறும்” என்று அதட்டினான். ஓர் எண் மாறியது. அவர்கள் பார்த்த சதம் அவ்வளவுதான்.

அன்றைக்கு அனுமதி மறுத்தது தவறு என்று சொல்ல நாங்கள் வரவில்லை. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு அணியின் ஐ.பி.எல். வெற்றி விழாவின்போது அதே சின்னசாமி மைதானத்தின் வாசல்களில் 11 பேர் நெரிசலில் இறந்ததை இந்த ஊர் மறக்காது. ஏறக்குறைய 35,000 பேர் உட்காரும் இடத்துக்கு லட்சக்கணக்கில் ஜனம் வந்தது. அன்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அந்தப் பக்கம் போவதாக இருந்தார்கள். கோலி ஆடுகிறார் என்றால் என்ன கூட்டம் வரும் என்று எங்களுக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஆட்டத்துக்கு வாசலைத் திறக்கச் சொல்லி இந்த மனுவில் கேட்கவே மாட்டோம்.

நாங்கள் கேட்பது மற்ற நாட்களைப் பற்றி. உள்நாட்டு ஒருநாள் ஆட்டம் என்றால் வழக்கமாக என்ன கூட்டம் வரும்? சில நூறு பேர். ஓய்வு பெற்றவர்கள், கல்லூரிக்குக் கட் அடித்தவர்கள், ஆடுகிறவர்களின் சொந்தக்காரர்கள், பயிற்சிக்குப் போகும் பொடியன்கள். அல்சூர் சோமேஸ்வரர் கோயிலில் தேருக்குப் போடும் தடுப்பை யாரும் சாதாரண நாள் அர்ச்சனைக்குப் போடுவதில்லை. அதேபோல ஐ.பி.எல். கூட்டத்துக்கு ஒரு விதி, உள்நாட்டு ஆட்டத்துக்கு ஒரு விதி என்று பிரித்து எழுதுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

ஜூன் சம்பவத்தை விசாரித்த ஓய்வுபெற்ற நீதிபதி ஜான் மைக்கேல் டி’குன்ஹா ஆணையமும் (2014இல் ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கில் தீர்ப்பளித்தவர் என்பதால் தமிழர்களுக்கு இவர் பெயர் நன்றாகத் தெரியும்) பெரும் கூட்டம் கூடும் நிகழ்ச்சிகளுக்கு அந்த மைதானம் ஏற்றதல்ல என்றுதான் சொன்னது. வரிசையில் நிற்கச் சாலையை விட்டு விலகிய தனி இடம் வேண்டும், போதுமான வாசல்கள் வேண்டும் என்ற கவலையெல்லாம் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வந்து மோதும் நாளுக்கானது. 2026 ஜனவரியில் சர்வதேச, ஐ.பி.எல். ஆட்டங்களுக்கே உள்துறை நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்திருப்பதாக மாநில கிரிக்கெட் சங்கம் அறிவித்தது. நல்ல செய்தி. சரி, பெரிய ஆட்டத்துக்கே வழி பிறந்த பிறகு, சின்ன ஆட்டம் மட்டும் ஏன் பூட்டிய கதவுக்குப் பின்னால் நடக்க வேண்டும்?

இந்தக் கோப்பைக்கும் எங்களுக்கும் உள்ள உறவைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ்நாடு ஐந்து முறை இதை வென்றிருக்கிறது, அதில் ஒன்று உத்தரப் பிரதேசத்துடன் பகிர்ந்துகொண்டது. கர்நாடகமும் ஐந்து முறை. இரண்டும் சமமாக நிற்பதால் எங்கள் வீடுகளில் சண்டை தீருவதில்லை. அப்பா தமிழ்நாடு, இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை கர்நாடகம்; அம்மா எந்தப் பக்கம் என்பது அன்றைக்கு யார் பாத்திரம் கழுவினார்கள் என்பதைப் பொறுத்தது.

2019 அக்டோபர் 25 அன்று இதே இரண்டு அணிகளும் சின்னசாமியில் இறுதி ஆட்டம் ஆடின. எங்களில் சிலர் பார்வையாளர் மாடத்தில் இருந்தோம். அபிநவ் முகுந்த் 85, பாபா அபராஜித் 66 என்று தமிழ்நாடு ஓரளவு நிமிர்ந்து நின்றபோது, கடைசி ஓவரில் அபிமன்யு மிதுன் ஹாட்ரிக் எடுத்தார். ஷாருக் கான், முகமது, முருகன் அஸ்வின் என்று வரிசையாகப் போனார்கள். அன்று மிதுனுக்கு முப்பதாவது பிறந்தநாள். 252க்கு ஆல் அவுட். அப்புறம் கர்நாடகம் 23 ஓவரில் ஒரு விக்கெட்டுக்கு 146 எடுத்திருந்தபோது மழை வந்தது. மழையால் நின்ற ஆட்டத்துக்கு முடிவு கணக்கிடக் கேரளப் பொறியாளர் ஜெயதேவன் கண்டுபிடித்த வி.ஜே.டி. முறைப்படி கர்நாடகம் 60 ரன்னில் வென்றது. தோற்ற கோபத்தில் அந்தக் கணக்கை இன்றும் ஒப்புக்கொள்ளாத பெரியவர்கள் எங்கள் தெருவில் உண்டு.

அந்த மாடத்தில் உட்கார்ந்ததில் எங்களுக்கு மறக்காதது ஒன்று. ஓவர்களுக்கு நடுவே சத்தம் அடங்கும்போது, தமிழ்நாட்டு ஃபீல்டர்கள் ஒருவரையொருவர் தமிழில் கூப்பிடுவது எங்கள் வரிசை வரை கேட்டது. பக்கத்தில் இருந்த பையனுக்கு ஆச்சரியம். “நம்மள மாதிரியேதான் பேசறாங்க” என்றான். ஐ.பி.எல். இரைச்சலில் இது கேட்காது. டிவி பந்தின் பின்னாலேயே போகும். நேரில் உட்கார்ந்தால்தான் பந்து போகாத இடத்தையும் பார்க்க முடியும். சுழற்பந்து வீச்சாளர் ஓடி வரும் முன் மிட்விக்கெட் ஆள் எத்தனை அடி நகர்கிறார், த்ரோ வரும்போது பின்னால் யார் வந்து நிற்கிறார் என்பதெல்லாம் பத்து ஞாயிறு வகுப்பில் சொல்லிக்கொடுத்தாலும் ஏறாது.

2022 நவம்பர் 21 அன்று சின்னசாமியில்தான் தமிழ்நாட்டு வீரர் ஜெகதீசன் விஜய் ஹசாரே ஆட்டத்தில் 141 பந்தில் 277 அடித்தார். சாய் சுதர்சனோடு முதல் விக்கெட்டுக்கு 416, அணி 2 விக்கெட்டுக்கு 506. அந்த 506ஐ 2025-26 சீசனின் முதல் நாளிலேயே பீகார் 574 அடித்துத் தாண்டிவிட்டது. (பாவம், இரண்டு முறையும் எதிரே நின்றது அருணாசலப் பிரதேசம்.) 277 இன்னும் யாருக்கும் எட்டவில்லை. அந்த ஆடுகளத்தைத் தினமும் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறவர்கள் எங்கள் பிள்ளைகள்.

அந்த 2025-26 சீசனில் அரையிறுதியும் இறுதியும்கூட தேவனஹள்ளிப் பக்கத்துப் பயிற்சி மையத்தில்தான் நடந்தன. கர்நாடகம் சொந்த ஊரில் விதர்பாவிடம் அரையிறுதியில் தோற்றது. அமன் மொகாடே 138 அடித்தார். ஜனவரி 18 அன்று விதர்பா சௌராஷ்டிராவை 38 ரன்னில் வென்று முதல்முறையாகக் கோப்பையை எடுத்தது. ஒரு அணி முதல் கோப்பையைத் தூக்கும்போது கைதட்ட ஊர் ஜனம் வேண்டாமா?

ஆட்டத்தை எங்கே வைப்பது என்பது கிரிக்கெட் வாரியத்தின் பாடு. சின்னசாமியில் வைத்தால் ஜனங்களை விடலாமா, எத்தனை பேரை விடலாம் என்பது உங்கள் துறை கையில் இருக்கிறது. ஆகவே அடுத்த சீசனில் அங்கே நடக்கும் விஜய் ஹசாரே ஆட்டங்களுக்கு, ஒரே ஒரு மாடத்தில், அதிகபட்சம் இரண்டாயிரம் பேர் வரை அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். டிக்கெட் விலை வேண்டாம். முன்பதிவு மட்டும் வைக்கலாம். பதிவு நிறைந்துவிட்டால் அன்றைக்கு வாசலில் யாரையும் சேர்க்க வேண்டாம், இதை முந்தைய நாளே அறிவித்துவிடலாம். கப்பன் பார்க், எம்.ஜி. சாலை என்று இரண்டு மெட்ரோ நிலையங்கள் பக்கத்திலேயே இருப்பதால் வண்டி நிறுத்தும் தொல்லையும் குறைவு. எங்களுக்கு அல்சூர் நிலையத்திலிருந்து மூன்று ஸ்டாப்.

இந்திய அணி நட்சத்திரங்கள் ஆட வரும் நாளுக்கு இதை ரத்து செய்யும் அதிகாரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எங்களில் சிலருக்கு இந்த வரி பிடிக்கவில்லை. ஆனாலும் இது இல்லாமல் மனு நியாயமாக இருக்காது என்று முடிவு செய்தோம்.

துமகூரு சாலைப் பக்கம் ஆலூரில் உள்ள மாநில கிரிக்கெட் சங்க மைதானங்களில் நடக்கும் ஆட்டங்களுக்கு இவ்வளவுகூடத் தேவையில்லை. பள்ளிகள் மூலமாகப் பெயர் கொடுத்து, ஆசிரியர் ஒருவர் கூட வர, ஒரு நாளைக்கு இருநூறு மாணவர்களை விட்டால் போதும். 2024 நவம்பரில் பச்சைத் தட மெட்ரோ துமகூரு சாலையில் மாதாவரம் வரை நீண்டுவிட்டது. அங்கிருந்து ஆட்ட நாட்களில் மட்டும் காலையும் மாலையும் ஒரு பேருந்து விடும்படி போக்குவரத்துக் கழகத்துக்குத் தங்கள் துறை ஒரு வரி எழுதினால் பெரிய உதவி.

பிள்ளைகளை அழைத்துப் போகவும், வரிசையில் நிறுத்தி உட்காரவைக்கவும் எங்கள் பகுதியிலிருந்து தன்னார்வலர்களை அனுப்பத் தயாராக இருக்கிறோம். காவல் நிலையத்தில் முன்கூட்டியே அவர்கள் விவரங்களைக் கொடுத்துவிடுவோம். அடுத்த சீசனின் அட்டவணை வெளியாகும் முன்பே தங்கள் முடிவு தெரிந்தால், பரீட்சைத் தேதிகளைப் பார்த்துப் பள்ளிகளிடம் பேசிவைக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அல்சூர், மர்பி டவுன், ஜோகுபாளையம் பகுதிவாசிகள்

இணைப்பு: மனுவின் கன்னடப் பிரதி, கையெழுத்துப் பக்கங்கள்.
நகல்: இளைஞர் நலன், விளையாட்டுத் துறை, கர்நாடக அரசு.